வேலை நாளில் மட்டும் செல்லும் பாஸ்

மாதச் சந்தா என்று எதை விற்றாலும், விற்கிறவன் மலைபோல நம்பியிருப்பது பணம் கட்டிவிட்டு வராமல் போகிறவர்களைத்தான். ஜிம்காரருக்கு இது தெரியும். எங்கள் பெங்களூரு மால் தியேட்டர்காரருக்கும் தெரியும். மாதம் ஒரு தொகை கட்டினால் திங்கள் முதல் வியாழன் வரை தினம் ஒரு படம். பார்த்த படத்தை மறுபடி பார்க்க முடியாது. வேலைக்குப் போகிறவன் வாரநாளில் எங்கே வரப்போகிறான் என்பது அவர்கள் கணக்கு. வேலை போனபிறகு ஒருத்தன் பாஸ் வாங்குவான் என்று, பாவம், யோசிக்கவில்லை.

கம்பெனியில் என்னைப் போகச் சொன்னதை என் மனைவி எஸ்தரிடம் சொல்லவில்லை. தங்கவயலில் சுரங்கம் மூடினபிறகு அப்பா வீட்டில் நாற்காலியிலேயே உட்கார்ந்திருந்ததைப் பார்த்து வளர்ந்தவன் நான். அந்த நாற்காலிக்கு என் முறை வந்துவிட்டது என்று அவளிடம் எப்படிச் சொல்வது? காலையில் இஸ்திரி போட்ட சட்டை, லேப்டாப் பை, டிபன் பாக்ஸோடு தொம்மலூர் வீட்டிலிருந்து கிளம்பி நேராக மாலுக்குப் போவேன். (வெள்ளிக்கிழமை மட்டும் கப்பன் பார்க் மரங்களை மேற்பார்வை பார்ப்பேன்.) பாப்கார்ன் வாங்கினால்தான் தியேட்டருக்கு லாபம். நான் தண்ணீர்கூட வாங்கவில்லை.

தமிழ், கன்னடம், தெலுங்கு, இந்தி எல்லாம் தீர்ந்தன. பஞ்சாபிப் படத்தில் மற்றவர்கள் சிரித்து முடித்தபின் நான் சிரித்தேன். கடைசியில் பார்க்காதது ஒன்றுதான் பாக்கி: தாயைத் தொலைத்த யானைக்குட்டியின் கார்ட்டூன் படம். போனேன். படம் ஆரம்பித்ததும் இருட்டில் ஒரு பள்ளிக்கூடமே வந்து என்னைச் சுற்றி உட்கார்ந்தது.

குட்டி ஆற்றங்கரையில் தனியாக நின்றபோது எனக்கு அழுகை வந்தது. வேலை போன அன்றுகூட அழாதவன், நிறுத்த முடியாமல் தேம்பினேன். பக்கத்துச் சிறுமி பயந்துபோய், "மிஸ், அங்கிள் அள்த்தா இதாரே" என்று நான் அழுவதைக் கன்னடத்தில் சொல்லிக் குரல் கொடுத்தாள்.

மிஸ் டிஷ்யூவோடு குனிந்து வந்தாள். "சார், ஆர் யூ ஓகே?"

எஸ்தர். தன் வகுப்புப் பிள்ளைகளைப் படத்துக்கு அழைத்துப் போகப்போவதாக முந்தின நாள்தான் சொல்லியிருந்தாளாம். நான் "ம்" கொட்டினேனாம்.

என் முகத்தைப் பார்த்தாள், பையைப் பார்த்தாள். டிஷ்யூவைக் கையில் வைத்துவிட்டுப் போனாள். இடைவேளையில் தலைமை ஆசிரியையிடம், "என் வீட்டுக்காரர். பிள்ளைங்களைப் பாத்துக்க லீவு போட்டு வந்திருக்காரு" என்றாள். அவர் என்னை மெச்சி, பையன்களை வரிசையாகப் பாத்ரூமுக்குக் கூட்டிப்போகச் சொன்னார். வீங்கிய கண்ணோடு கூட்டிப்போனேன்.

சாயங்காலம் எல்லாவற்றையும் சொன்னேன். திட்டுவாள் என்று காத்திருந்தேன். அவள் டிபன் பாக்ஸைக் கழுவிக்கொண்டே கேட்டாள்:

"தியேட்டர்ல வெளிச் சாப்பாடு விட மாட்டாங்களே. இதை எங்க வெச்சு சாப்ட்டீங்க?"

"பார்க்கிங் படிக்கட்டுல."

அதற்குத்தான் அழுதாள். அந்தச் சாப்பாட்டைத் தினமும் இருட்டு பிரியுமுன் எழுந்து சமைத்தவள். நான் பக்கத்தில் நின்றேன். குழாயை மூடக்கூட இருவருக்கும் தோன்றவில்லை.

பிறகு பொம்மசந்திராவில், பாதிச் சம்பளத்துக்கு, ஒரு வேலை கிடைத்தது. தியேட்டர்காரர்களும் கொஞ்ச நாளில் அந்த பாஸை நிறுத்திவிட்டார்கள். ஒரே ஆளாக உட்கார்ந்து பார்த்தே அவர்களை நஷ்டப்படுத்தியவன் என்று மச்சான் இன்றும் கல்யாண வீடுகளில் என்னை அறிமுகப்படுத்துகிறான். எல்லோரும் சிரிப்பார்கள், எஸ்தரும்தான்.

ஆனால் தினமும் மதியம் அவளிடமிருந்து போன் வரும். எங்கே உட்கார்ந்து சாப்பிடுகிறேன் என்று கேட்பாள். கேன்டீனில் என்பேன். பின்னால் கேன்டீன் தட்டுகளின் சத்தம் கேட்கும்வரை போனை வைக்க மாட்டாள்.