டெஸ்டிங் அண்ணனும் இரண்டு ரீடர்களும்

கோயமுத்தூரில் டெஸ்டிங் அண்ணனை ஏமாற்றிப் பொருள் விற்ற கடைக்காரர் இதுவரை பிறக்கவில்லை. தப்பித்தவறிப் பிறந்திருந்தாலும், அண்ணன் ஒருமுறை கடைக்கு வந்துபோன பிறகு அவர் வேறு தொழில் தேடிப் போயிருப்பார்.

சரவணம்பட்டியில் நான் வேலை பார்த்த ஐ.டி. கம்பெனியில் அண்ணன் டெஸ்டிங் பிரிவுக்குத் தலைவர். அடுத்தவர் எழுதிய சாப்ட்வேரில் எங்கே ‘பக்’ என்கிற ஓட்டை இருக்கிறது என்று கண்டுபிடிப்பது அவர் உத்தியோகம். மற்றவர்கள் சாயங்காலம் லேப்டாப்பை மூடும்போது உத்தியோகத்தையும் சேர்த்து மூடிவிடுவோம். அண்ணனுக்கு அந்த வழக்கம் கிடையாது. பெற்றவர்கள் வைத்த பெயர் என்று ஒன்று அவருக்கு இருந்திருக்க வேண்டும். சம்பளம் போடுகிறவர்களைத் தவிர வேறு யாருக்கும் அது தெரியாது.

ஒருநாள் வலது காலில் பழுப்புச் செருப்பும் இடது காலில் கறுப்புச் செருப்புமாக ஆபீசுக்கு வந்தார். அவசரத்தில் மாற்றிப் போட்டுக்கொண்டு வந்துவிட்டார் என்று நினைத்து மெதுவாகச் சொன்னேன்.

“தெரியுமுங்க அம்மணி. ரெண்டு கம்பெனிச் செருப்பு. எது மொதல்ல தேயுதுன்னு பாத்துட்டிருக்கறேன்” என்றார்.

இரண்டும் தேயவே இல்லை. மாதக்கணக்கில் அப்படியே நடந்தார்.

ஹெல்மெட் வாங்கப் போனபோது கையோடு ஒரு தேங்காயும் கொண்டுபோனார். தேங்காயை ஹெல்மெட்டுக்குள் வைத்து வாரைக் கட்டி, கடையின் மாடிப்படியிலிருந்து உருட்டிவிட்டார். தேங்காய் உடையவில்லை. கடைக்காரரின் மனசுதான் உடைந்தது. ஒப்பணக்கார வீதியில் குடை வாங்கியபோது, கடையில் ஷவர் எங்கே இருக்கிறது என்று கேட்டதாகவும் கேள்வி. இதை நான் நேரில் பார்க்கவில்லை. ஆனால் நம்புகிறேன்.

அவர் தொடாத ஒரே பொருள் புத்தகம். மிக்சியோடு வரும் விளக்கக் கையேட்டை முதல் எழுத்திலிருந்து கடைசி எழுத்து வரை படிப்பார். கதை என்றால் மட்டும் காத தூரம் ஓடுவார். “கதைப் பொஸ்தகத்துல என்னங்க இருக்குது? நடக்காததை நடந்தாப்பல எழுதி வெச்சிருக்கறாங்க. நம்ம வேலைல அதுக்குப் பேரு ‘பக்’” என்பார்.

இப்படிப்பட்டவருக்கு வாய்த்த மனைவி மல்லிகா அக்கா. பீளமேட்டில் ஒரு பம்ப்செட் கம்பெனியில் கணக்கு வேலை. டவுன் பஸ்ஸில் நின்றுகொண்டே படிப்பார். சாம்பாரைக் கிளறிக்கொண்டே படிப்பார். அதுவும் தலையணை மொத்தத்தில் இருக்கும் நாவல்களாகப் பார்த்துத்தான் எடுப்பார்.

அந்த அக்கா ஒரு மழைநாளில் காந்திபுரத்தில் பஸ்ஸை விட்டு இறங்கும்போது வழுக்கி விழுந்தார். வலது மணிக்கட்டில் எலும்பு முறிவு. இடது கையிலும் நல்ல சுளுக்கு. கட்டுப் பிரித்த பிறகும், கொஞ்ச காலத்துக்குக் கையில் கனமாக எதையும் பிடிக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். குடம் தூக்க முடியவில்லை என்று அக்கா வருத்தப்படவில்லை. புத்தகத்தைத் தூக்க முடியவில்லையே என்றுதான் முகம் சுருங்கிப்போனது. போனில் படித்துப் பார்த்தார். தலைவலிதான் மிச்சம். டி.வி.யைப் போட்டால் ஐந்து நிமிஷத்தில் எழுந்து போய்விடுவார். வீட்டில் சிரிப்புச் சத்தமே குறைந்துவிட்டது என்று அண்ணன் என்னிடம் சொன்னபோது, அவர் குரலில் வழக்கமான அதிகாரம் இல்லை.

“ஒரு ஈ-புக் ரீடர் வாங்கிக் குடுங்கண்ணா. நூறு புஸ்தகம் ஏத்துனாலும் கனம் கூடாது” என்றேன்.

நான் சொன்னது ஒரு ரீடர். அவர் வாங்கியது இரண்டு.

ஒன்று சிக்கன ரகம். சின்னத் திரை, உள்ளங்கைக்குள் அடங்கும், தண்ணீர் பட்டால் ஆகாது. இன்னொன்று உயர்ந்த ரகம். பெரிய திரை, தண்ணீரில் விழுந்தாலும் பிழைத்துக்கொள்ளும், வெளிச்சத்தை மஞ்சளாக மாற்றிக்கொள்ளலாம், பக்கம் புரட்டத் தனி பட்டன். விலையும் சிக்கன ரகத்தைப்போல இரண்டு மடங்குக்கு மேல். பிடிக்காததைக் குறிப்பிட்ட தேதிக்குள் திருப்பி அனுப்பிவிடலாம் என்று ஆன்லைன் கடைக்காரர்கள் சொல்லியிருந்தார்கள். யாரிடம் சொல்கிறோம் என்று அவர்களுக்குத் தெரியாது.

இரண்டிலும் ஒரே பக்கத்தைத் திறந்து வைத்தால்தான் நியாயமான போட்டி என்பது அண்ணன் கட்சி. அக்கா பாதியில் விட்டிருந்த நாவலையே இரண்டிலும் ஏற்றினார். அந்தியூர்ச் சந்தைக்குக் குதிரை வாங்கப் போன ஒரு வணிகன் வழியில் காணாமல் போகிற கதை. அதன் முதல் அத்தியாயத்தைச் சோதனைக்களம் ஆக்கினார்.

முதலில் பஸ் சோதனை. கையொன்றுக்கு ஒரு ரீடராகப் பிடித்துக்கொண்டு டவுன் பஸ்ஸில் ஏறினார். கம்பியைப் பிடிக்க மூன்றாவது கை இல்லாததால் கணபதி ஸ்டாப்பில் டிரைவர் பிரேக் போட்டதும் ஒரு பூக்கூடையின் மேல் போய் உட்கார்ந்தார். எழுந்தபோது இரண்டு ரீடரும் தலைக்கு மேலே பத்திரமாக இருந்தன. கண்டக்டர், “ஏனுங்ணா, ஒண்ணைப் படிச்சு முடிச்சுப்போட்டு இன்னொண்ணைப் படிக்கப்படாதுங்களா?” என்று கேட்டாராம்.

அடுத்தது வெயில் சோதனை. கொடுமுடிக்குச் சாமி கும்பிடப் போன இடத்தில், உச்சி வெயிலில் காவிரி மணலில் நின்று படித்தார். இரண்டு திரையும் அச்சுத்தாள்போலத் தெளிவாகத் தெரிந்தன. அண்ணனின் உள்ளங்கால்தான் வெந்துபோனது.

தண்ணீர்ச் சோதனைக்குப் பெரியதை வாளியில் முக்கி எடுத்தார். அக்கா அலறிய அலறலில் பக்கத்து வீட்டுக்காரர் ஓடிவந்தார். பெரியது பிழைத்தது. சின்னதையும் முக்கிவிடுவாரோ என்று பயந்து அக்கா அதை அரிசி டப்பாவுக்குப் பின்னால் ஒளித்து வைத்தார்.

கடைசியாகப் படுக்கைச் சோதனை. மறுநாள் காலை அண்ணன் மூக்கு வீங்கி ஆபீசுக்கு வந்தார். மல்லாக்கப் படுத்துக்கொண்டு படிக்கும்போது கண் சொக்கினால் ரீடர் முகத்தில் விழுமல்லவா? அதை இரண்டிலும் சோதித்திருக்கிறார்.

“சின்னது உழுந்தா முழிப்பு வருதுங்க. பெரிசு உழுந்தா ரத்தம் வருது” என்றார்.

அதற்குள் எங்கள் ஆபீஸ் இரண்டு கட்சியாகப் பிரிந்திருந்தது. எழுத்து எழுத்துத்தானே, சின்னதே போதும் என்றது ஒரு கட்சி. வாங்குவதை நல்லதாக வாங்க வேண்டாமா என்றது மற்றது. பெரிய ரகத்துக்காரர்களிடம் ஒரு பலமான வாதம் இருந்தது. சின்னத் திரையில் எழுத்தைப் பெரிதாக்கினால் ‘பேசிக்கொண்டிருந்தார்கள்’ என்ற ஒரே சொல் ஒரு வரியில் கொள்ளாமல் ‘பேசிக்’ மேலேயும் ‘கொண்டிருந்தார்கள்’ கீழேயுமாகத் தொங்கியது. அண்ணனுக்கு நாற்பதைத் தாண்டிய கண். இது அவரை மிகவும் பாதித்தது.

இந்தச் சமயத்தில்தான் ஒருநாள் மதியம், டிபன் பாக்ஸைத் திறந்து வைத்துக்கொண்டு சாப்பிடாமலே இருந்தவர் என்னிடம் கேட்டார்:

“ஏனம்மணி, அவன் செத்துட்டானுங்களா?”

“யாருண்ணா?”

“அந்தக் குதிரை வாங்கப் போனவன்.”

“ரெண்டாவது அத்தியாயம் படிச்சா தெரியுமுங்கண்ணா.”

“அதெதுக்கு நமக்கு? சோதனைக்கு மொத அத்தியாயம் போதும்” என்று சொல்லிவிட்டு அவசரமாகத் தயிர்ச்சோற்றைப் பிசைந்தார்.

பொருளைத் திருப்பி அனுப்பக் கடைசி நாள் ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்தது. அக்காவைப் பார்த்துவிட்டு வரலாம் என்று கணபதியில் இருந்த அவர்கள் வீட்டுக்குப் போனேன். நடு வீட்டில் மேஜைமேல் இரண்டு ரீடரும் துணி விரித்து வைக்கப்பட்டிருந்தன. அண்ணன் எழுந்து நின்று தீர்ப்புச் சொன்னார்.

“வெளிச்சம், திரை, தண்ணி, பட்டன். நாலுலயும் பெரிசுதான் செயிச்சுது. மல்லிகா, உனக்குப் பெரிசு. சின்னதைத் திருப்பி அனுப்பிப்போடலாம்.”

அக்கா சிரித்தார். “ஏனுங்க, இத்தன நாளா பஸ்ஸுக்குக் காமிச்சீங்க, காவேரிக்குக் காமிச்சீங்க, வாளிக்குக் கூடக் காமிச்சீங்க. என்ற கையில ஒருக்காவாச்சும் குடுத்தீங்களா?”

அண்ணன் இரண்டு ரீடரையும் அக்கா பக்கம் நகர்த்தினார். அவர் சோதனையிலேயே ஓட்டை இருந்து நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

அக்கா முதலில் பெரியதை எடுத்தார். கொஞ்ச நேரம் பிடித்திருந்தார். மணிக்கட்டு மெல்ல இறங்கியது. உதட்டைக் கடித்துக்கொண்டு கீழே வைத்தார். பிறகு சின்னதை இடது கையில் எடுத்தார். அது அங்கேயே பிறந்ததுபோல உட்கார்ந்தது. கட்டைவிரலால் ஒரு பக்கம் புரட்டினார். இன்னொரு பக்கம் புரட்டினார். அப்புறம் நாங்கள் இருப்பதையே மறந்துவிட்டார்.

“மல்லிகா, விலையைப் பாத்துச் சின்னதை எடுக்கறியா? அதெல்லாம் பாக்காத கண்ணு” என்றார் அண்ணன்.

“கையி நோகாம இருக்கறதுதானுங்க எனக்கு ஒசத்தி” என்றார் அக்கா, திரையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

தீர்ப்பு மாறியது. பெரியதைத் திருப்பி அனுப்புவதென்று முடிவாயிற்று. “பெட்டில போட்டு வெச்சுப்போட்டு வாரேன்” என்று அண்ணன் அதை எடுத்துக்கொண்டு உள் அறைக்குப் போனார். போனவர் வரவில்லை. அக்காவும் நானும் காபி குடித்து முடித்தோம். வாசலில் மணி அடித்தது. பொருளை எடுத்துப்போகக் கூரியர்காரர் வந்திருந்தார்.

“ஏனுங்க, எடுத்துட்டு வாங்க” என்று அக்கா குரல் கொடுத்தார். நான் போய்க் கதவைத் தள்ளினேன். அட்டைப்பெட்டி பிரித்தபடி கிடந்தது. அண்ணன் கட்டில் ஓரத்தில் குனிந்து உட்கார்ந்து படித்துக்கொண்டிருந்தார். ஏழாவது அத்தியாயம். சோதனைச் சாக்கில் இத்தனை நாளும் ரகசியமாகப் படித்திருக்கிறார்.

ரீடரை நெஞ்சோடு அணைத்தபடி வாசலுக்கு வந்தார். கூரியர்காரரைப் பார்த்து மிகுந்த கவலையோடு சொன்னார்: “தப்பா நெனச்சுக்காதீங்க தம்பி. அவன் ஏறிப்போன குதிரை மட்டும் ஊட்டுக்குத் திரும்பி வந்துருச்சு. ஆளைக் காணோம். இப்பப் போயி எப்படிங்க குடுக்கறது?”

கூரியர்காரர் அவரையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். “அப்ப திருப்ப வேண்டாம்னு போட்டரட்டுங்களா? போன்ல காரணம் கேக்குமுங்க.”

“மனசு மாறிட்டாருன்னு போட்டுக்குங்க தம்பி” என்றார் மல்லிகா அக்கா.

சிக்கனமா, உயர்ந்ததா என்று இப்போது யார் கேட்டாலும் நான் தயங்காமல் சொல்கிறேன். கையில் வலு இல்லையென்றால் சின்னது வாங்குங்கள். கண்ணில் வலு இல்லையென்றால் பெரியது வாங்குங்கள். கண்ணும் கையும் நன்றாக இருந்தால் விலை குறைந்ததை வாங்கி, மிச்சப் பணத்தில் புத்தகம் வாங்குங்கள். கண்ணும் கையும் வேறு வேறு ஆளுக்குப் போயிருந்தால் என்ன செய்வது என்பதற்கு என்னிடம் ஒரே ஒரு உதாரணம்தான் இருக்கிறது.

நான் அந்தக் கம்பெனியை விட்டு வந்து சில வருஷங்கள் ஆகின்றன. போன பொங்கலுக்கு அவிநாசிக்குப் போகிற வழியில் அவர்கள் வீட்டில் இறங்கினேன். அக்காவின் மணிக்கட்டு எப்போதோ சரியாகிவிட்டது. கதவு திறந்தே இருந்தது. ஊஞ்சலில் இரண்டு பேரும் இரண்டு ரீடரோடு உட்கார்ந்திருந்தார்கள். ஒரே கதையாம். அக்கா முன்னால் போய்விட்டார்போலிருக்கிறது. “சொல்லிப்போடாத, சொல்லிப்போடாத” என்று அண்ணன் ஒரு கையால் காதைப் பொத்திக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும், அந்த அத்தியாயம் முடியும்வரை பொறு என்று கையைக் காட்டிவிட்டுத் திரும்பவும் குனிந்துகொண்டார்.

வீடு தேடி வந்த ஒறம்பரையை ‘வாங்க’ என்றுகூடக் கூப்பிடாத அந்த மனிதரை, அவர் பக்கம் புரட்டும் வரை, சிரித்துக்கொண்டே வாசற்படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன்.