இன்னும் ஒரே ஒரு படம்

நினைவு உற்பத்தியாளர் என்று ஒரு வகை மனிதர் உண்டு. டிசம்பர் முதல் வாரத்தில் எங்கள் ஃப்ளோரிடாவின் பொழுதுபோக்குப் பூங்காக்களில் இவர் பெருகிவிடுவார். தேதியில் ஏன் இவ்வளவு கறார்? குடும்பப் படம் அச்சிட்ட கிறிஸ்துமஸ் வாழ்த்தட்டை இருபதாம் தேதிக்குள் உறவினர் வீட்டு ஃப்ரிட்ஜ் கதவுகளில் ஏறியாக வேண்டும்.

அடையாளம் காண்பது எளிது. எண்பத்தொரு டிகிரி ஃபாரன்ஹீட் வெயிலில் குடும்பத்தோடு கம்பளிச் சட்டை போட்டிருப்பவர் இவர்தான். நான்கு பேருக்கும் ஒரே சிவப்பு, நான்கு நெஞ்சிலும் ஒரே மான். மற்றவர்கள் ராட்டினத்தைத் தேடும்போது இவர் நல்ல வெளிச்சத்தைத் தேடுவார், பிள்ளைக்கு ஐஸ்கிரீம் வாங்கித் தந்து, படம் எடுக்கும்வரை வாயில் வைக்கக் கூடாது என்பார், அது உருகி முழங்கையில் வழிந்தால் அதையும் எடுப்பார், சொந்த ஊரில் நிஜப் பனியை வாசலிலிருந்து அள்ளும்போது வானத்தையே திட்டியவர், இங்கே இயந்திரம் ஊதும் சோப்பு நுரையைப் பார்த்து "பனி! பனி!" என்று குதிப்பார். மகிழ்ச்சியாக இருக்க மட்டும் அவருக்கு நேரமிராது.

என் அக்கா மகன் ராண்டல் இந்த வகையின் முழுமையான மாதிரி. ஆண்டுதோறும் மனைவி லார்னா, மகள் டெல்லா, மூன்று வயது மகன் வெஸ் ஆகியோருடன் ஒஹாயோவிலிருந்து வந்து என் வீட்டில் தங்குவான். பூங்காவுக்கு ஒரே ஒரு நாள். பைகளையும் கேமராவையும் சுமக்க நான்.

எட்டு வயது டெல்லாவுக்கு அந்த ஒரு நாளில் வேண்டியது ஒன்றுதான்: 'வெள்ளிக் கழுகு' என்ற ரோலர் கோஸ்டர். நாற்பத்தெட்டு அங்குல உயரம் இல்லாதவர்களை ஏற்ற மாட்டார்கள். போன வருடம் அவள் நாற்பத்தாறே முக்கால். இந்த வருடம் வாசலில் அளந்த பெண், "நாப்பத்தெட்டே கால்! பறந்துட்டு வாம்மா!" என்று மணிக்கட்டில் பச்சைப் பட்டை கட்டினாள். மூன்று மணிக்குப் பூங்காவின் கிறிஸ்துமஸ் ஊர்வலம் அந்தத் தண்டவாளத்தின் அடியில் போவதால் இரண்டரைக்கு வரிசையை மூடிவிடுவார்கள், அன்றைக்கு மறுபடி திறக்க மாட்டார்கள் என்றும் சொன்னாள்.

காலையிலேயே ஏறியிருக்கலாமே என்கிறீர்களா? முடி கலைந்துவிடுமே! படத்துக்குப் பிறகுதான் கழுகு.

ஒன்று நாற்பதுக்கு அவர்கள் பெரிய கிறிஸ்துமஸ் மரத்தடியில் வரிசையாக நின்றார்கள். என் முதுகுக்குப் பின்னால், நேர் எதிரே, வெள்ளிக் கழுகு.

"ஹோபார்ட் மாமா, ஒரே ஒரு படம். அப்புறம் எல்லாரும் ஓடிரலாம்," என்றான் ராண்டல் என்னிடம்.

முதல் படத்தில் வெஸ் மூக்கை நோண்டினான். ஒன்பதாவதில் லார்னா கண்ணை மூடினாள். பதினேழாவதில் எல்லாம் சரி. ராண்டலுக்குத் தன் தொப்பை பிடிக்கவில்லை.

"அத நான் எங்க ஒளிச்சு வைக்கறது? மானே பிதுங்கி நிக்குது!" என்றாள் லார்னா.

"டாடி, மணி ரெண்டே கால்."

"நீ சிரிச்சா உடனே முடிஞ்சிரும், தங்கம். எல்லாரும் உனக்காகத்தான் காத்துக்கிட்டிருக்கோம்."

"ஏறிட்டு வந்தா நல்லா சிரிப்பேன், டாடி."

"முடி கலைஞ்சிரும், டெல்லா, முடி!"

"பிள்ளைய விடு ராண்டல், நான் கூட்டிட்டுப் போயிட்டு வர்றேன்," என்றாள் லார்னா.

"நீங்க ரெண்டு பேரும் போயிட்டா அப்புறம் இது என்ன குடும்பப் படமா, என் பாஸ்போர்ட் படமா?"

நாற்பத்தோராவது படத்தின்போது மணி இரண்டு முப்பத்தொன்று. என் பின்னால் சங்கிலி மாட்டும் சத்தம் கேட்டது. டெல்லா ஓடினாள்.

"மூடியாச்சும்மா. நாளைக்கு வா," என்றார் காவலாளி.

"நாளைக்கு நாங்க ஊருக்குப் போறோம்."

திரும்பி வந்து அழுதாள். ராண்டல் மண்டியிட்டுக் கன்னத்தைத் துடைத்தான். என்ன இருந்தாலும் தகப்பன் அல்லவா என்று நான் நினைத்து முடிக்கவில்லை.

"கண்ணு என்னமா மின்னுது பாருங்க மாமா! டெல்லா, அப்படியே இரு, கொஞ்சம் சிரி. இன்னும் ஒரே ஒரு படம்!"

அந்த நாற்பத்திரண்டாவது படம்தான் தேறியது. பத்தொன்பதாம் தேதி அட்டை எனக்கும் வந்தது. 'எங்கள் வாழ்வின் மிக இனிய நாள்' என்று பொன்னெழுத்து. நான்கு மான், நான்கு சிரிப்பு. டெல்லாவின் கண்கள் மட்டும் கேமராவைப் பார்க்கவில்லை. என் தோளுக்கு மேலாக எங்கோ பார்க்கிறாள். அறுபத்தெட்டு வீடுகளுக்குப் போயிருக்கிறது. எல்லா வீட்டிலும் அழகு என்றுதான் சொல்லியிருப்பார்கள்.

சிரிக்கிறீர்கள். நல்லது. உங்கள் வீட்டுச் சுவரிலும் எல்லாரும் சிரிக்கும் படம் ஒன்று இருக்குமே? எழுந்துபோய், அதிலிருக்கும் மிகச் சிறியவரின் கண்களை மட்டும் பாருங்கள். அவர் எதைப் பார்த்துக்கொண்டிருந்தார் என்பது உங்களுக்கு நினைவிருக்காது. படம் எடுத்தவரைக் கேளுங்கள், அவருக்குத் தெரியும். தெரிந்தேதான் அழுத்தியிருப்பார். நாற்பத்திரண்டு முறை அழுத்தியவன் சொல்கிறேன்.