முன்னால் போக ஒரே ஒரு கியர்

எதையும் பிரிப்பதில் எனக்கு நல்ல கைராசி உண்டு. மிக்சி, மோட்டார், மேசை விசிறி என்று எதைக் கொடுத்தாலும் அரை மணியில் பிரித்துப் பரப்பிவிடுவேன். திரும்ப மாட்டுவதில்தான் கொஞ்சம் தகராறு. (‘கொஞ்சம்’ என்ற சொல்லை என் மனைவி தேன்மொழி ஆட்சேபிக்கிறாள்.)

வேங்கிக்காலில் ஜெனரேட்டர் வாடகைக்கு விடுவது என் தொழில். சக்கரம் வைத்த ஜெனரேட்டரை என் பழைய பிக்கப்பின் பின்னால் கொக்கி போட்டு இழுத்துப் போவேன். ‘இழுத்து’ என்பது மரியாதைக்குச் சொல்வது. பாலம் ஏறும்போது பாதியில் நின்றுவிடும். ஒருமுறை பின்னால் வந்த பஸ்சிலிருந்து ஆட்கள் இறங்கித் தள்ளிவிட்டார்கள். தள்ளியவர்களில் ஒருவர் என் மாமனார். அன்றைக்கே மெக்கானிக் சலீமிடம் போனேன்.

“இன்ஜின்ல ஒண்ணும் இல்லண்ணே. பின் ஆக்ஸில்ல கிரவுன் பினியனை மாத்துனா போதும். ஸ்பீடு கம்மியாவும், இழுவை ஜாஸ்தியாவும்” என்றார். ஆக்ஸிலின் நடுவே பானை மாதிரி புடைத்திருக்குமே, அதற்குள் இருக்கிற பல்சக்கர ஜோடிதான் அது. செட்டாகவே வாங்கியும் கொடுத்தார். ஆனால், “ஆம்பூர்ல சொந்தக்காரங்க கல்யாணம். வந்துதான் மாட்டுவேன். நீங்க கை வைக்காதீங்க” என்று சொல்லிவிட்டுப் போனார்.

எனக்கோ அவசரம். தேன்மொழியின் சித்தி மகள் கவிதாவுக்கு அடி அண்ணாமலையில் ரிசப்ஷன். அன்று நாள் முழுக்கக் கரண்ட் கட் என்று அறிவித்திருந்தார்கள். “ஜெனரேட்டரை நான் பாத்துக்கறேன்” என்று மொத்தக் குடும்பத்தின் முன்னால் மார்தட்டியிருந்தேன். பாதி வழியில் வண்டி நின்றால் மாமனார் பட்டு வேட்டியோடு வந்து தள்ள வேண்டியிருக்கும்.

கை கொடுத்தவன் மச்சான் குமரேசன். பாலிடெக்னிக்கில் மெக்கானிக்கல் வாத்தியார். “மாமா, இதத்தான் நான் கிளாஸ்ல நடத்துறேன். ரெண்டு மணி நேர வேலை.”

ரிசப்ஷன் அன்று காலை ஏழு மணிக்கு ஆரம்பித்த அந்த ரெண்டு மணி நேரம், மதியம் மூன்றரைக்கு முடிந்தது. போல்ட்டெல்லாம் அழகாக உட்கார்ந்தன. ஒன்றுகூட மிச்சமில்லை. என் அனுபவத்தில் அதுவே முதல் முறை. அப்போதே சந்தேகப்பட்டிருக்க வேண்டும்.

அண்ணாமலையைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டுவிட்டு, முதல் கியர் போட்டு கிளட்ச்சை விட்டேன். வண்டி பின்னால் போனது.

பின்னால் துணி எடுத்துக்கொண்டிருந்த தேன்மொழி பக்கெட்டைப் போட்டுவிட்டு ஓரமாகத் தாவினாள். கொடி அறுந்து, வண்டியின் பின் கண்ணாடி முழுக்க என் வேட்டி மூடிக்கொண்டது. பிரேக் அடித்து இறங்கி ஓடினேன். அவள் முழுசாக நின்றுகொண்டிருந்தாள்.

“கியரைப் பாத்துப் போட மாட்டீங்களா?”

“பாத்துதான்டி போட்டேன்.”

அவளை ஓரமாக நிற்கச் சொல்லிவிட்டு ரெண்டாவது கியர் போட்டேன். இன்னும் வேகமாகப் பின்னால் போனது. குமரேசன் வெளிறிப்போய், “மாமா, தியரிப்படி இது நடக்கவே கூடாது” என்றான்.

சலீமுக்கு போன் போட்டோம். பந்திச் சத்தத்துக்கு நடுவே பொறுமையாகக் கேட்டார். அப்புறம் சிரிக்க ஆரம்பித்தார். “அண்ணே, செட்டைத் தலைகீழா மாட்டிட்டீங்க. இந்தப் பக்கம் இருக்க வேண்டிய கிரவுன் அந்தப் பக்கம் போயிடுச்சு. இப்ப உங்க வண்டிக்குப் பின்னாடி போக அஞ்சு கியரு. முன்னாடி போக ஒண்ணே ஒண்ணு.”

“எது?”

“ரிவர்ஸ்.”

கழற்றி மாட்ட நேரமில்லை. ஆறு மணிக்கு ரிசப்ஷன். முடிவெடுத்தவள் தேன்மொழிதான். “முன்னாடி போவுது இல்ல? அப்ப கிளம்புங்க.”

ரிவர்ஸ் கியர் போட்டால் என் வண்டியில் ஒரு பாட்டுச் சத்தமும், “கவனிக்கவும், வண்டி பின்னால் வருகிறது” என்று ஒரு பெண் குரலும் வரும். அந்த ஒயரைப் பிடுங்க குமரேசன் ஸ்குரூ டிரைவரோடு குனிந்தான். “இனிமே நீங்க ரெண்டு பேரும் எதையும் பிரிக்கக் கூடாது” என்றாள் தேன்மொழி. அதனால் வழி முழுக்க அந்த அம்மாள் பேசிக்கொண்டே வந்தாள்.

கிரிவலப் பாதையில் எதிரே நடந்து வந்தவர்கள், வண்டி பின்னால்தான் போகும் என்று நம்பி அசையாமல் நின்றார்கள். முன்னால் வருவதைப் பார்த்துச் சிதறினார்கள். பின்னால் பைக்கில் வந்தவர்களோ பயந்துபோய்க் காத தூரத்தில் நின்றார்கள். காவி கட்டிய சாமியார் ஒருவர் இரு கையையும் உயர்த்தி ஆசீர்வாதம் செய்தார். எங்கள் நிலைமை அவருக்குப் புரிந்திருக்க வேண்டும். ஒன்று மட்டும் சொல்ல வேண்டும்: இழுவை பிரமாதம். ஜெனரேட்டரை இழுத்துக்கொண்டு மேட்டில் ஏறும்போதுகூட வண்டி முனகவில்லை.

மண்டபத்தில் இருட்டிக்கொண்டு வந்தது. வாசலில் மொத்தச் சொந்தமும் நின்றது. பெண்ணின் அப்பா, அதாவது தேன்மொழியின் சித்தப்பா, சந்தனத் தட்டுக்குப் பக்கத்தில் நின்றபடி, “மாப்ள, அப்படியே கொஞ்சம் பின்னாடி எடுங்க” என்றார்.

அவ்வளவு தூரம் வந்த பிறகும் கைக்குப் பழைய பழக்கம் போகவில்லை. பின்னால் எடுக்க ரிவர்ஸ் போட்டேன். வண்டி முன்னால் பாய்ந்தது. வரவேற்பு வளைவின் ஒரு கால் சாய்ந்தது. சந்தனமும் கற்கண்டும் பானெட்டில் கொட்டின. பன்னீர்ச் செம்பு உருண்டு சக்கரத்தடியில் போனது. சித்தப்பாவின் வயிற்றுக்கும் பம்பருக்கும் நடுவே ஒரு சாண் இடைவெளி இருந்தது. அந்த அம்மாள் விடாமல், “வண்டி பின்னால் வருகிறது” என்றாள்.

சித்தப்பா தன் வயிற்றைத் தடவிப் பார்த்துக்கொண்டார். பிறகு, “கரண்ட்டு குடுங்க மாப்ள, மத்ததெல்லாம் அப்புறம் பேசலாம்” என்றார். குமரேசன் ஜெனரேட்டரை ஸ்டார்ட் செய்தான். மண்டபம் முழுக்க விளக்கு எரிந்தது. மேடையில் கவிதா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்ததை நன்றாகவே பார்க்க முடிந்தது. நான் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து மூன்று டம்ளர் தண்ணீர் குடித்தேன். யாருக்கும் ஒரு கீறல்கூட இல்லை. அதற்கு மேல் எனக்கு எதுவும் வேண்டியிருக்கவில்லை.

சலீம் ஊர் திரும்பியதும் செட்டைக் கழற்றி நேராக மாட்டினார். இப்போது வண்டி பாலத்தில் திணறாமல் ஏறுகிறது. யாரும் தள்ளுவதில்லை.

போன வருஷம் கவிதா பெண்ணுக்குக் காது குத்து. பத்திரிகையில் பெரியப்பா என்று என் பெயரும் போட வேண்டும். எங்கள் குடும்பத்தில் மூன்று கண்ணன்கள் இருப்பதால், அடையாளத்துக்கு என் பெயர் பக்கத்தில் ‘ரிவர்ஸ்’ என்று எழுதிக் கொடுத்துவிட்டார்கள். அச்சகத்துக்காரர் போன் செய்து, “இது அவர் படிச்ச படிப்பாம்மா, இல்ல பட்டமா?” என்று கேட்டாராம்.

“ரெண்டும்தான், போடுங்க” என்று சொல்லியிருக்கிறாள் தேன்மொழி.