செவன் ஹில்ஸில் ஒரு ஹங்கேரி மேயர்

பரதேச நகரபிதா என்றொரு இனம் உண்டு. நீங்கள் கட்டாயம் சந்தித்திருப்பீர்கள்.

நாங்கள் புலம்பெயர்ந்து வந்து குடியேறிய செவன் ஹில்ஸில் அந்தப் பதவி கொட்பிறி அண்ணைக்கு. குப்பைத்தொட்டியை எந்த நாள் வெளியே வைப்பதென்று மனைவி அன்னமலரைத்தான் கேட்பார். ஆனால் தொண்ணூறாம் ஆண்டில் ஹங்கேரிக்காரர் கம்யூனிஸ்ட் கட்சி ஆட்டிவைத்த சபைகளைக் கலைத்துவிட்டுத் தாங்களே வாக்குப் போட்டு உள்ளூராட்சி அமைத்ததிலிருந்து மனிதருக்குச் சோறு இறங்கவில்லை, கதிரையில் இருப்புக் கொள்ளவில்லை, பிறந்தநாள் வீடுகளில் கேக் வெட்டுமுன்னரே தொடங்கிவிடுவார்.

"சின்ன ஊரிலை மேயரைச் சனம் தெரிவுசெய்யுது, பெரிய ஊரிலை சபை தெரிவுசெய்யுது. இது எங்கை போய் முடியுமோ!"

எங்கே முடியும்? எங்கள் தலையில்தான்.

சனிக்கிழமைத் தமிழ் வகுப்பு நடக்கும் கவுன்சில் மண்டபத்தைப் பால்ரூம் நடனக்காரரும் கேட்டார்கள். யாருக்கு என்பதைக் கவுன்சில் கூட்டம் முடிவுசெய்யும். எங்கள் பக்கத்தில் ஒருவர் மூன்று நிமிடம் பேசலாம். வகுப்பைத் தனியாளாகக் கட்டி வளர்த்த யசிந்தா ரீச்சர்தான் பேசுவதாக இருந்தார். விட்டாரா நம்மவர்?

"பிள்ளை, நீ இரு. உள்ளூராட்சி என்ரை சப்ஜெக்ட்."

"அண்ணை, மண்டபத்தைப் பற்றி மட்டும்..."

"ஓம், ஓம்."

எங்கள் வழக்கம் தெரியும்தானே. வயதில் மூத்தவர் கை நீட்டினால் மைக்கைக் கொடுத்துவிட வேண்டும். கொடுத்தார்.

"மதிப்புக்குரிய மேயர் அவர்களே, உங்களைத் தெரிவுசெய்தது சனமா, சபையா?" என்று ஆங்கிலத்தில் தொடங்கினார், புடாபெஸ்டுக்குப் போனார், அங்கிருந்து ஏதோ சிற்றூருக்கு இறங்கினார், அவ்வூர்க் குழாய்த் தண்ணீருக்கு இனி யார் பொறுப்பென்று கலங்கி நிற்கையில் மணி அடித்தது. தமிழ் வகுப்பு? அது வாயில் வரவேயில்லை.

மேயர் மிக மரியாதையாக நன்றி சொன்னார். ஹங்கேரி மக்களுக்கு வாழ்த்தும் சொன்னார். கவுன்சிலர்கள் கை உயர்த்த, மண்டபத்தை நடனக்காரருக்குக் கொடுத்தார்.

யசிந்தா ரீச்சர் காருக்குள் இருந்து அழுதார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அந்த நேரம் பார்த்து அண்ணை ஓடிவந்து, "கண்டியளே, மேயர் என்ன வடிவாக் காது குடுத்துக் கேட்டவர்!" என்றாரே பாருங்கள்!

இப்போது 'அ'னாவும் 'ஆ'வன்னாவும் என் கராஜில், புல்வெட்டும் மெஷினுக்குப் பக்கத்தில்.

சிரிக்கிறீர்களா? சிரியுங்கள். நாளைக்கு உங்கள் மண்டபத்தையும் யாராவது கேட்பார்கள். அதற்குக் கை உயர்த்தப்போகும் உங்கள் வட்டாரக் கவுன்சிலரின் பெயர் என்ன?

சரி, விடுங்கள். அமெரிக்க ஜனாதிபதியின் நாயின் பெயர்?

பார்த்தீர்களா, டக்கென்று வருகிறது!