புலிக்கு டேப்லெட் கொடுத்த மான்கள்

ஒரு காட்டில், எல்லாக் காட்டிலும் உள்ளபடியே, ஒரு புலி அரசாண்டது. அதன் பெயர் வேங்கையப்பன். அரசாள்வது என்றால் பெரிய வேலை ஒன்றுமில்லை. காலையில் எழுந்து சோம்பல் முறிக்கும். ஓடைப் பக்கம் போகும். அங்கே மேய்கிற மான்களில் ஒன்றைத் தின்னும். பிறகு தூங்கிவிடும். ஆட்சி நன்றாக நடக்கிறது என்று காட்டில் எல்லோரும் சொன்னார்கள். மான்களை யாரும் கேட்கவில்லை.

ஓடையின் வடகரையில் மேய்ந்த புள்ளிமான் கூட்டத்துக்குக் கொம்பையன் தலைவன். அதற்கு இடது காதில் பாதிதான் இருந்தது. மற்றப் பாதி எங்கே போயிற்று என்று வேங்கையப்பனுக்குத் தெரியும்.

அதே காட்டில் அருவிக்கரை மரங்களில் வடிவு என்ற மந்தி குடியிருந்தது. அருவியில் குளிக்க வரும் மனிதர்களின் பைகளைப் பிடுங்குவது அதன் தொழில். ஒருநாள் முறுக்கு வாசனை அடித்த ஒரு பையைப் பிடுங்கிக்கொண்டு மரமேறிப் பார்த்தால், முறுக்கு தீர்ந்து வெறும் காகிதம்தான் இருந்தது. கூடவே சதுரமாக்கிய தோசைக்கல் மாதிரி ஒரு கறுப்புச் சாமானும் ஒரு வயரும் இருந்தன.

வடிவுக்கு அது டேப்லெட் என்று தெரியும். மரக்கிளையில் உட்கார்ந்து மனிதர்களின் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தே கற்றுக்கொண்டிருந்தது. பக்கத்துப் பொத்தானை அழுத்தியதும் திரை வெளிச்சமானது. பூட்டு எதுவும் போட்டிருக்கவில்லை. பறிகொடுக்கிறவர்கள் பெரும்பாலும் அப்படித்தான். பையின் சொந்தக்காரர் காடு காடாகத் திரிந்து படமெடுக்கிறவர் போலிருக்கிறது. உள்ளே முழுக்க மான்கள். மேய்கிற மான், ஓடுகிற மான், தண்ணீர் குடிக்கிற மான், சும்மா நிற்கிற மான்.

"கீழ குனிஞ்சா நெஜ மானே தெரியுது. இதை வெச்சு நான் என்ன பண்ண?" என்று அலுத்துக்கொண்டு, வடிவு கொம்பையனைக் கூப்பிட்டுக் காட்டியது.

கொம்பையன் பார்த்தது. பார்த்துக்கொண்டே நின்றது. வாயில் கவ்விய புல் வாயிலேயே தொங்கியது. நிழல் நகர்ந்து வெயில் முதுகில் ஏறியதுகூட அதற்குத் தெரியவில்லை. கடைசியில் வடிவு அதன் முதுகில் ஒரு தட்டுத் தட்டியது.

"ஏய் கொம்பையா! பின்னால புலி வந்து நின்னிருந்தா?"

கொம்பையன் திடுக்கிட்டுத் திரும்பியது. புலி இல்லை. ஆனால் அந்தத் திடுக்கத்தில் அதன் மண்டைக்குள் ஒன்று பளிச்சிட்டது.

"அக்கா, என்னையே இது இப்படிப் பிடிச்சு வெச்சிருச்சே. மானையே நெனச்சுக்கிட்டு வாழுற அவரை என்ன பண்ணும்?"

புலிக்கு டேப்லெட்டைப் பரிசாகக் கொடுத்துவிடுவது என்று முடிவானது. ஆனால் மான் ஒன்று பரிசு எடுத்துக்கொண்டு புலியிடம் போனால், புலி எதைப் பரிசு என்று எடுத்துக்கொள்ளும்? ஆகவே வாக்கீசன் என்ற நரியைத் தூது பேச அழைத்தார்கள். நரி எல்லாவற்றையும் கேட்டுவிட்டு ஒரே நிபந்தனை விதித்தது.

"கொடுப்பது நீங்களாக இருக்கட்டும். கொடுத்ததாகச் சொல்லிக்கொள்வது நானாக இருக்கட்டும்."

மறுநாள் நரியும் மந்தியும் புலியின் குகைக்குப் போயின. நரி டேப்லெட்டை ஒரு தேக்கிலையில் வைத்து நீட்டியது.

"அரசே, திரை பத்து அங்குலம். கேமரா இரண்டு. பின்னால் இருப்பது உலகத்தைப் பார்க்க. முன்னால் இருப்பது தங்களைத் தாங்களே பார்த்து மகிழ. ஸ்பீக்கரும் இரண்டு, ஒரு காதுக்கு ஒன்றாக."

"மான் இருக்கிறதா?" என்றது புலி.

"நூற்று இருபத்தெட்டு ஜிபி இருக்கிறது அரசே."

"ஒரு ஜிபிக்கு எத்தனை மான்?"

நரிக்குத் தெரியாது. ஆனால் தெரியாததை நிதானமாகச் சொல்லத் தெரியும். "தின்னத் தின்னத் தீராத அளவு, அரசே."

புலி ஆவலோடு நகத்தால் திரையைக் குத்தியது. ஒன்றும் நடக்கவில்லை. இன்னும் அழுத்திக் குத்தியது. கீறல்தான் விழுந்தது.

"ஐயா, ஐயா! நகத்தால குத்தாதீங்க!" என்று வடிவு பதறியது. "அதுக்கு நகம் தெரியாது. சதை பட்டாத்தான் ஆள் வந்திருக்குன்னு நெனைக்கும். நகத்தை உள்ள இழுத்துக்கிட்டு மெத்துனு தொடுங்க."

புலி நகத்தை இழுத்துக்கொண்டு மெத்தென்று தொட்டது. உடனே ஒரு மான் துள்ளி ஓடியது. புலிக்கு வாய் ஊறியது. வாய் ஊறியதும் நகம் தானாக வெளியே வந்தது. இன்னொரு கீறல் விழுந்தது. மானைப் பார்த்தால் நகம் வருகிறது, நகம் வந்தால் மான் வரமாட்டேன் என்கிறது. வேங்கையப்பன் தன் வாழ்நாளில் இப்படி ஒரு சங்கடத்தைக் கண்டதில்லை.

"வெட்டிவிடலாமே அரசே" என்றது நரி.

"மானையா?"

"நகத்தை."

வேங்கையப்பன் தன் பாதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தது. பிறகு புலி மெதுவாகக் கேட்டது: "நகம் இல்லாவிட்டால் நான் புலியா?"

"தங்கள் இனத்தின் நகத்தை மனிதர்கள் தங்கத்தில் கட்டிக் கழுத்தில் மாட்டிக்கொள்கிறார்கள். அவர்களெல்லாம் புலியாகிவிட்டார்களா அரசே? நகம் வேறு, புலி வேறு."

இந்தத் தத்துவம் புலிக்குப் புரியவில்லை. புரியாததால் பெரியதாகத்தான் இருக்கும் என்று ஒப்புக்கொண்டது. எலும்பையே கொறிக்கும் முள்ளம்பன்றி ஒன்றை அழைத்துவந்தார்கள். அது கண்ணை இறுக மூடிக்கொண்டு நகங்களை ஒவ்வொன்றாக அடியோடு கடித்துத் துப்பிவிட்டு, திரும்பிப் பார்க்காமல் ஓடிப்போனது.

அன்றிலிருந்து வேங்கையப்பன் டேப்லெட்டை விட்டு நகரவில்லை. ஒருக்களித்துப் படுத்தால் படமும் கூடவே திரும்பிக்கொண்டது. "நான் படுத்தால் அதுவும் படுக்கிறது. மரியாதை தெரிந்த சாமான்" என்று புலி மெச்சியது. நரியைத் தொழில்நுட்ப அமைச்சராக்கியது.

சாப்பாட்டுக்கும் வடிவே வழி சொன்னது. அருவிக்கரையில் மனிதக் குழந்தைகளுக்கு எப்படிச் சோறு ஊட்டுகிறார்கள் என்று அது பார்த்திருந்தது. குழந்தையின் கண் திரையில் இருக்கும்போது வாயருகே எதைக் கொண்டுபோனாலும் வாய் திறக்கும். நரி ஓடையில் நண்டு பிடித்து நீட்டியது. புலி மென்றது. நண்டு கிடைக்காத நாளில் வள்ளிக்கிழங்கை நீட்டியது. அதையும் மென்றது. திரையில் மான் ஓடிக்கொண்டிருந்ததால், தான் மானைத்தான் மெல்லுவதாக அது நினைத்துக்கொண்டது.

சார்ஜுக்காக, காட்டு ஓரத்தில் ஆளில்லாமல் கிடந்த ஓய்வு விடுதிக்குப் புலியின் இருப்பிடம் மாறியது. அங்கே கூரையில் சோலார் தகடு இருந்தது, வராந்தாவில் பிளக் இருந்தது. வயர் நீளம் குறைவு. ஆகவே வேங்கையப்பன் பிளக்கை ஒட்டியே படுத்துக் கிடந்தது. அதன் ராஜ்ஜியத்தின் எல்லை இப்போது அந்த வயரின் நீளம்தான்.

மான்களுக்கு நல்ல காலம் பிறந்தது. குட்டிகள் விடுதி வாசலிலேயே துள்ளி விளையாடின. புலி தலை தூக்கவில்லை. "சத்தம் போடாதீர்கள், மான் பார்க்கிறேன்" என்று மட்டும் ஒருதரம் அதட்டியது.

அப்புறம் மழை பிடித்துக்கொண்டது.

வானம் விடாமல் மூடிக் கிடந்தது. சோலார் தகட்டில் சருகு ஒட்டியது. வடிவு தன் கூட்டத்தையே கூரையில் ஏற்றி வாலால் துடைக்கச் சொன்னது. துடைத்து என்ன செய்ய? வெயில் இருந்தால்தானே. திரையின் மூலையில் பேட்டரி குறி சிவப்பானது. முன்பெல்லாம் புலியின் வாலைப் பார்த்து நடுங்கிய மான்கள், இப்போது அந்தச் சின்னச் சிவப்புக் கோட்டைப் பார்த்து நடுங்கின. கொம்பையன் நனைந்துகொண்டே வாசலில் நின்று, வானத்தையும் புலியையும் மாற்றி மாற்றிப் பார்த்தது.

"அக்கா, ஏதாச்சும் பண்ணுங்கக்கா."

வடிவு நைசாகக் கையை நீட்டித் திரை வெளிச்சத்தைக் குறைத்தது.

"ஏன் இருட்டுகிறது?" என்றது புலி.

"மழைக்காலம் ஐயா. உள்ளேயும் மேகம் போட்டிருக்கு."

"ஆமாம், ஆமாம்" என்று புலி கண்ணை இடுக்கிக்கொண்டு பார்த்தது. கொஞ்ச நேரம் கழித்து ஒரு கொட்டாவி விட்டது. கோரைப் பற்கள் நான்கும் தெரிந்தன. கொம்பையன் இரண்டடி பின்வாங்கியது. அந்த நேரம் பார்த்து மேகம் விலகி, கூரையில் ஒரு கீற்று வெயில் விழுந்தது. டேப்லெட் 'டிங்' என்றது. சார்ஜ் ஏறத் தொடங்கியது. மான்கள் ஒன்றோடொன்று கழுத்தை உரசிக்கொண்டன. ஒரு கிழமான் அழுதேவிட்டது.

கதை இங்கே முடிந்திருந்தால் நல்ல நீதி ஒன்று கிடைத்திருக்கும். ஆனால் மான்கள் குட்டி போட்டன.

தின்ன ஆளில்லாததால் குட்டிகள் எல்லாம் பிழைத்தன. பிழைத்தவை பெரிதாகி அவையும் குட்டி போட்டன. வடகரையில் புல் குறைந்தது. தென்கரைக் கூட்டத்திலும் அதே கதைதான். தென்கரை மான்கள் ஓடையைத் தாண்டி வந்து மேய்ந்தன. வடகரை மான்கள் தாண்டிப் போய் மேய்ந்தன. முட்டல் மோதல் ஆரம்பமானது. நேற்றுவரை ஒன்றாகத் தண்ணீர் குடித்தவர்கள், இன்று ஓடையில் எந்தப் பக்கத்துத் தண்ணீர் யாருடையது என்று கேட்டுக்கொண்டார்கள்.

ஒருநாள் கொம்பையன் விடுதிக்கு வந்தது. வயரைத் தாண்டி, புலியின் காதருகே போய்ப் பணிவாகச் சொன்னது:

"ஐயா, தொந்தரவுக்கு மன்னிக்கணும். ஐயா கொஞ்ச நாளா வெளியவே போகலை. உடம்புக்கு ஆகாது. தென்கரைப் பக்கம் காலாற ஒரு நடை போயிட்டு வந்தா நல்லது. அங்க மானெல்லாம் நல்லாக் கொழுத்துக் கெடக்கு."

புலி திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "ம்" என்றது.

"யாரு கொழுத்துக் கெடக்கா?"

பின்னாலிருந்து குரல் வந்தது. தென்கரைக் கூட்டத்தின் தலைவி மருதாயி வாசலில் நின்றிருந்தது. அதுவும் புலியிடம் ஒரு விண்ணப்பத்தோடுதான் வந்திருந்தது. "ஐயா, இவன் பேச்சைக் கேக்காதீங்க. வடகரை மானுதான் இளசு. கடிச்சா பல்லுல ஒட்டாது."

"எங்க புள்ளைங்களையா காட்டிக் குடுக்குற? வெக்கமா இல்ல?"

"நீ இப்போ என்ன பண்ணிக்கிட்டிருந்த? வேதம் ஓதினியா?"

"ஏய்!" என்று கொம்பையன் கொம்பைச் சிலுப்பித் திரும்பியது. கொம்பில் வயர் மாட்டியது. மாட்டியது தெரியாமல் இன்னும் வேகமாகச் சிலுப்பியது. டேப்லெட் புலியின் முகத்துக்கு முன்னாலிருந்து பறந்து, வராந்தாவின் கல்தூணில் மோதி, முகம் குப்புற விழுந்தது.

சிலந்தி வலை பின்னினாற்போல் திரை முழுக்க விரிசல். வெளிச்சம் ஒருதரம் மினுக்கிவிட்டு அணைந்தது.

"இவன்தான்" என்றது மருதாயி.

"இவதான்" என்றது கொம்பையன்.

வேங்கையப்பன் நெடுநாளைக்குப் பிறகு தலை நிமிர்ந்தது. கண் கூசியது. வாயில் ஏதோ இருப்பது அதற்கு அப்போதுதான் உறைத்தது. மெல்லுவதை நிறுத்தித் தரையில் துப்பிப் பார்த்தது. வள்ளிக்கிழங்கு.

"வாக்கீசா, இது என்ன?"

தொழில்நுட்ப அமைச்சர் காதில் அந்தக் கேள்வி விழாதமாதிரி ஓடிப்போய் டேப்லெட்டைத் திருப்பிப் பார்த்தது. "பயப்படாதீர்கள் அரசே! கண்ணாடி மட்டும்தான் போயிருக்கிறது. உள்ளே இருக்கும் மான்களுக்கு ஒன்றும் ஆகவில்லை."

"சரி" என்றது புலி, எழுந்து நின்று. "வெளியே இருக்கும் மான்களுக்கு?"

அப்புறம் அந்த விடுதி வாசலில் புழுதிதான் இருந்தது. கொம்பையன் முன்னால், மருதாயி பின்னால், கொஞ்ச தூரத்தில் மருதாயி முன்னால், கொம்பையன் பின்னால். அலறல் கேட்டு வடகரைக் கூட்டமும் ஓடியது, தென்கரைக் கூட்டமும் ஓடியது. ஓடை யாருடையது என்று யாரும் கேட்கவில்லை. எல்லோரும் ஒரே இடத்தில் தாண்டினார்கள். வேங்கையப்பன் கர்ஜித்துக்கொண்டு துரத்தியது. ஓடைக்கரைப் பாறையிலிருந்து ஒரே பாய்ச்சல் பாய்ந்தது. பாறையைப் பற்ற நகம் இல்லை. சறுக்கி, உருண்டு, தொபீரென்று தண்ணீரில் விழுந்தது.

மான்கள் மேட்டின் உச்சியில் போய்த்தான் நின்றன. ஒரு குட்டிகூடக் குறையவில்லை. இரண்டு கூட்டமும் எது எதுவென்று தெரியாமல் கலந்து, நெஞ்சு அடிக்க அடிக்க ஒட்டி நின்றன.

"அண்ணே, அடிகிடி பட்டுச்சா?" என்றது மருதாயி.

"இல்ல தாயி. உன் புள்ளைங்க எல்லாம் வந்திருச்சா? இப்படி நடுவுல வந்து நில்லு" என்றது கொம்பையன்.

கீழே, ஓடையில் கழுத்தளவு தண்ணீரில் உட்கார்ந்திருந்த புலிக்கு மூச்சு வாங்கியது. ஆனால் கண் மின்னியது. மூச்சிரைக்க வந்து சேர்ந்த நரியைப் பார்த்து, குட்டிப்புலி மாதிரிக் கூவியது:

"வாக்கீசா, பார்த்தாயா! விரலை வைத்து விரிக்கவே வேண்டாம். கிட்டப் போகப் போக மான் தானாகவே பெரிதாகிறது!"

"ஆமாம் அரசே" என்றது நரி. "சார்ஜும் தேவையில்லை."

*

நீதி: பகைவனுக்கு டேப்லெட் பரிசளிப்பவன், அவன் கேட்காவிட்டாலும் ஸ்கிரீன் கார்டு ஒட்டிக் கொடுக்கக் கடவன்.