முழு ஸ்டெப்னிக்காரர்

முழு ஸ்டெப்னிக்காரர் என்று ஓர் இனம் நம்மிடையே நடமாடுகிறது. கார் வாங்கப் போகிற இடத்தில் மற்றவர்கள் மைலேஜ் கேட்பார்கள், கலர் பார்ப்பார்கள், ஏசியைப் போடச் சொல்லி முகத்தை நீட்டுவார்கள். இவர் நேராகப் பின்னால் போய், டிக்கியைத் திறக்கச் சொல்லி, உள்ளே விரித்திருக்கும் விரிப்பைத் தூக்கி, அதன் அடியில் படுத்திருக்கும் ஸ்டெப்னியை, அதாவது மாற்றுச் சக்கரத்தை, தட்டிப் பார்ப்பார். அது மற்ற நான்கு சக்கரங்களின் அளவிலேயே இருந்தால்தான் மேற்கொண்டு பேச்சு.

இப்போது வருகிற கார்கள் பலவற்றில் ஒல்லியாக ஒரு சக்கரத்தைத்தான் வைத்து அனுப்புகிறார்கள். பஞ்சர் ஆனால் அதை மாட்டிக்கொண்டு, மெதுவாக ஓட்டிப்போய், அசல் சக்கரத்தைக் கடையில் சரிசெய்துகொள்ள வேண்டியது. இவ்வளவு வேகத்துக்கு மேல் போகாதே என்று அதன்மேல் மஞ்சள் ஸ்டிக்கரும் ஒட்டியிருக்கும். நமக்கு இது ஒரு சௌகரியம். முழு ஸ்டெப்னிக்காரருக்கோ இது தன்னை யாரோ நேரில் நின்று திட்டியதற்குச் சமம்.

காஞ்சிபுரத்தில் எனக்குத் தெரிந்த அப்பழுக்கற்ற மாதிரி, பட்டுக்கடை ஒன்றில் சூப்பர்வைசராக இருக்கும் ஆனந்தகுமார். என் பக்கத்து வீட்டுக்காரர், நல்ல மனிதர். அவருடைய மைத்துனர் டேனியலிடமும் அதே கம்பெனியின் அதே கார்தான் இருக்கிறது. ஆனால் டேனியல் இரண்டு வருஷம் தாமதமாக வாங்கியதால் அவருக்கு வாய்த்தது ஒல்லிச் சக்கரம். அதற்காக ஆனந்தகுமார் அவரை எந்தக் கல்யாணத்திலும், எந்தக் காதுகுத்திலும், ஒரு துக்க வீட்டில்கூட, சும்மா விட்டதில்லை. அதை இட்லித் தட்டு என்பார். அந்த இட்லித் தட்டை மாட்டிக்கொண்டு டேனியல் பலமுறை வீடு வந்து சேர்ந்திருக்கிறார் என்பது விவாதத்தில் செல்லாது.

ஆனந்தகுமாரின் ஸ்டெப்னி அப்படியா? புதுக் காருக்கு ஜெபம் செய்ய வந்த பாஸ்டர், பானெட்டின்மேல் கைவைத்து முடித்துவிட்டுக் காபிக்குத் திரும்பியபோது, இவர் அவரைப் பின்னால் அழைத்துப்போய் இதற்கும் ஒரு வார்த்தை சொல்லுங்கள் என்று கேட்டுக்கொண்டார். பாஸ்டர் சொன்னார். பிறகு ஆனந்தகுமார், கடைக்குப் பட்டு மூட்டை கட்டி வந்த வெள்ளைத் துணியில் அதைச் சுற்றி வைத்தார். மாதாமாதம் பெட்ரோல் பங்கில், ஓடுகிற நான்குக்கும் முன்னால், ஓடாத ஐந்தாவதுக்குத்தான் காற்று. ஓடுகிற நான்கும் பட்டன் தேய்ந்து வழுக்கையானதை அவர் பொருட்படுத்தவேயில்லை.

இனி சிம்ரன். ஆனந்தகுமாரின் மகள். அரசு வேலைத் தேர்வுக்காக, பார்த்துக்கொண்டிருந்த செல்போன் கடை வேலையையும் விட்டுவிட்டு ஒரு வருஷம் கதவைச் சாத்திக்கொண்டு படித்த பெண். தேர்வு மையம் வாலாஜாபாத்தில். ஒன்பது மணிக்குக் கேட்டைச் சாத்தினால் அப்புறம் யார் அழுதாலும் திறக்கமாட்டார்கள். அந்த ஊரில் எனக்கும் ஒரு வேலை இருந்ததால் அன்று காலை நானும் அந்தக் காரில் ஏறிக்கொண்டேன்.

ஐயம்பேட்டை தாண்டியதும், ரோடு அகலப்படுத்த ஜல்லி கொட்டியிருந்த இடத்தில், பின்சக்கரம் ஒன்று காற்றிறங்கி உட்கார்ந்துவிட்டது. சிம்ரன் மணியைப் பார்த்தாள். நான் சீட்டுக்கு அடியிலிருந்து ஜாக்கியை எடுத்தேன். எனக்கு, வெட்கத்தை விட்டுச் சொன்னால், கொஞ்சம் உற்சாகமாகக்கூட இருந்தது. இத்தனை வருஷமாகக் கேள்விப்பட்ட அந்தச் சக்கரம் தரையைத் தொடுவதை நேரில் பார்க்கப்போகிறேன் அல்லவா?

ஆனந்தகுமார் டிக்கியைத் திறந்தார். வெள்ளைத் துணியை விலக்கினார். சக்கரத்தைப் பார்த்தார். ஜல்லியைப் பார்த்தார். மறுபடியும் சக்கரத்தைப் பார்த்தார். பிறகு துணியை மூடிவிட்டு என் கையிலிருந்து ஜாக்கியை வாங்கிக்கொண்டார்.

"இந்த ஜல்லியில இறக்கினா புது டயரு என்னாத்துக்குப்பா ஆவும்?"

மற்ற மூன்றும் தேய்ந்திருக்கும்போது புதிதாக ஒன்றைச் சேர்த்தால் அதுவும் கோணலாகத் தேயும் என்று ஒரு விளக்கமும் தந்தார். விளக்கம் சரியாகவே இருந்தது. அதைச் சொல்லிக்கொண்டே டேனியலுக்குப் போன் போட்டார். எதற்கு? அந்த இட்லித் தட்டைக் கொண்டுவரச் சொல்ல.

ஸ்பீக்கரில் டேனியலின் குரல் நிதானமாக வந்தது.

"உங்க டிக்கியிலயே முழுசா ஒண்ணு இருக்குதே மாமா."

"அது அவசரத்துக்கு வெச்சினு இருக்கறதுப்பா. நீ கெளம்பி வா."

சிம்ரன் ஹால் டிக்கெட்டைக் கையில் வைத்துக்கொண்டு அப்பாவுக்கு எதிரில் வந்து நின்றாள். சத்தம் போடவில்லை.

"இது அவசரம் இல்லியாப்பா?"

"இரும்மா, மாமா வந்துக்கினே இருக்குறாரு."

அவள் இருக்கவில்லை. பின்னால் வந்த ஷேர் ஆட்டோவைக் கைகாட்டி நிறுத்தி, உள்ளே இடமில்லாததால் டிரைவர் பக்கத்தில் பாதி உட்கார்ந்தும் பாதி தொங்கியும் போய்விட்டாள். ஆட்டோ மறையும்வரை நான் அதையே பார்த்துக்கொண்டு நின்றேன். ஆனந்தகுமாரும் அதைத்தான் பார்த்துக்கொண்டிருப்பார் என்று திரும்பினேன். அவர் டிக்கி சரியாக மூடியிருக்கிறதா என்று அழுத்திப் பார்த்துக்கொண்டிருந்தார்.

டேனியல் வந்தார். ஒல்லிச் சக்கரத்தை அவரே மாட்டியும் கொடுத்தார். குனிந்து நட்டு முடுக்கிக்கொண்டிருந்த அந்த மனிதரிடம், இப்படிப்பட்ட சக்கரத்தை நம்பிக் குடும்பத்தோடு வெளியூர் போகலாமா என்று ஆனந்தகுமார் பேசிக்கொண்டே இருந்தார். டேனியல் முடுக்கி முடித்துக் கையைத் துடைத்துக்கொண்டார்.

கேட்டைச் சாத்துகிற நேரத்தில் சிம்ரன் உள்ளே ஓடியிருக்கிறாள். தேர்வு எழுதிவிட்டாள், வேலையும் கிடைத்துவிட்டது. ஆனந்தகுமாரும் அன்றைக்குப் பாடம் கற்றுக்கொண்டார். அடுத்த வாரமே சொந்தமாக ஓர் ஒல்லிச் சக்கரம் வாங்கினார். முழுச் சக்கரத்தை எடுக்க நேராமல் இருக்க இது வேண்டும் என்றார். இப்போது டிக்கியில் இரண்டும் இருக்கின்றன, பை வைக்க இடமில்லை. சிம்ரன் தினமும் ஷேர் ஆட்டோவில்தான் ஆபீஸ் போகிறாள். கொட்டுகிற மழையில் அப்பா காரை எடுக்கிறேன் என்றாலும் வேண்டாம் என்கிறாள். பெண் சிக்கனம் கற்றுக்கொண்டாள் என்று அவர் எல்லோரிடமும் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

நீங்கள் இந்த இனமில்லை, எனக்குத் தெரியும். உங்களிடம் காரே இல்லாமல்கூட இருக்கலாம். ஆனாலும் உங்கள் வீட்டு அலமாரியின் மேல்தட்டில், ஸ்டிக்கர் உரிக்காத பீங்கான் கோப்பைகள் ஒரு பெட்டி இருக்குமே, அது யாருக்கு என்று கேட்டால் என்ன சொல்வீர்கள்? வீட்டுக்கு யாராவது வந்தால் எடுக்கலாம் என்றுதானே? அப்படியே கொஞ்சம் திரும்பி, விளிம்பு நசுங்கின டம்ளரில் காபி குடித்துக்கொண்டு உங்கள் எதிரில் உட்கார்ந்திருப்பவரைப் பாருங்கள். அவர் உங்கள் வீட்டுக்கு வந்து எத்தனை வருஷம் ஆகிறது?