கோபம் எழும்ப அரை மணி நேரம்

உங்கள் வீட்டுப் பிள்ளைக்குக் கோபம் வருகிறதா? பரீட்சை என்றால் கை நடுங்குகிறதா? கதவைச் சாத்திக்கொண்டு அழுகிறதா? கவலையை விடுங்கள். மூச்சு மகான் வந்துவிட்டார்! ஒரு பாட்டில், ஒரு பலூன், அரை மணி நேரம். உள்ளே இருப்பதெல்லாம் வெளியே. இதை நான் சொல்லவில்லை. பேருந்து நிலையத்துச் சுவரெல்லாம் சொன்னது.

சுவரே சொன்ன பிறகு கூட்டத்துக்குக் கேட்பானேன்? சந்தைக்குப் பின்னால் இருந்த பழைய சினிமாக் கொட்டகையை மகான் வாடகைக்கு எடுத்திருந்தார். படம் ஓடிய காலத்தில்கூட அங்கே இப்படி ஒரு வரிசை நின்றதில்லை. படித்தவர்கள், மெத்தப் படித்தவர்கள், ஒரு கணக்கு வாத்தியார் உட்பட எல்லாரும் பிள்ளைகளைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தார்கள். வரமாட்டேன் என்ற பிள்ளைகளுக்கு முதுகில் இரண்டு வைத்தார்கள். கோபத்தைப் போக்கத்தான் கூட்டி வந்தார்கள் என்பதை மறந்துவிடாதீர்கள்.

சிகிச்சை இதுதான். மேடையில் வரிசையாகப் பழுப்பு நிறக் கண்ணாடி பாட்டில்கள். ஒவ்வொன்றிலும் பாதி அளவுக்கு வெதுவெதுப்பான 'சாந்தி நீர்'. பிள்ளை தன் கோபத்தையெல்லாம் ஒரே மூச்சில் அதற்குள் ஊத வேண்டும். உடனே பாட்டிலின் கழுத்தில் மகான் ஒரு சிவப்புப் பலூனை மாட்டுவார். யாரும் உள்ளே எட்டிப் பார்க்கக் கூடாது. பார்த்தால் கோபம் வெட்கப்பட்டுப் பிள்ளைக்குள்ளேயே திரும்பிவிடுமாம். பிறகு மகான் அரை மணி நேரம் பேசுவார். அவர் பேசப் பேச, தொங்கிக் கிடந்த பலூன் மெல்ல நிமிரும், உப்பும். கடைசியில் ஊசியால் ஒரு குத்து. டப்! கோபம் தீர்ந்தது. தீர்ந்த கோபம் அடுத்த வாரம் ஏன் திரும்பி வருகிறது என்று யாரும் கேட்பதில்லை. அதற்குத்தான் பத்து பாட்டில் திட்டம் இருக்கிறதே!

அந்தக் கூட்டத்தில் முன்வரிசைப் பக்தர், கடைத்தெரு ரொட்டிக்கடைக்காரர். அவருடைய ஒரே மகளுக்குப் பதினாறு வயது. வீட்டில் பட்டாசு என்றுதான் கூப்பிடுவார்கள். கெட்டிக்காரப் பெண். ஆனால் யாராவது கேலி செய்தால் போதும், தலைக்கு ஏறிவிடும். வகுப்பில் இரண்டு முறை கை நீட்டிவிட்டாள். அப்புறம் தனியாக உட்கார்ந்து, "நான் ஏன்பா இப்படி இருக்கேன்?" என்று அழுவாள். கேட்கவே பாவமாக இருக்கும். இன்னொரு முறை கை நீட்டினால் பள்ளியில் இடமில்லை என்று தலைமையாசிரியை எழுதியே கொடுத்துவிட்டார்.

பட்டாசு முதலில் போனது மருத்துவமனையில் இருந்த மனநல ஆலோசகரிடம். ஆறு வாரம் போனாள். அந்த அம்மா எதையும் ஊதச் சொல்லவில்லை, ஒரு நோட்டில் எழுதச் சொன்னார். என்ன நடந்தது, அப்போது மனசில் என்ன ஓடியது, கோபம் பத்துக்கு எத்தனை. "உன் மனசு சொல்றதையெல்லாம் அப்படியே நம்பிடாதே. அதுக்கு என்ன ஆதாரம்னு கேளு," என்றார். பட்டாசு எழுதினாள், கேட்டாள். நாலாவது வாரம் ஒருத்தி அவளை "ரொட்டி மூட்டை" என்றபோது, மூச்சை இழுத்து விட்டுக்கொண்டு வெளியே நடந்துவிட்டாள். அவளைப் பொறுத்தவரை அது மலையைப் புரட்டிய வேலை.

அப்பாவுக்கு அது போதவில்லை. "ஆறு வாரமா பேசுறாங்க, பேசுறாங்க, பேசிக்கிட்டே இருக்காங்க. ஏதாவது வெளிய வந்துச்சா? மகான்கிட்ட கோபம் கண்ணுக்கே தெரியுது!" என்று மருத்துவமனைக்கு முழுக்குப் போட்டுவிட்டார்.

மகானிடம் போன முதல் நாளே பட்டாசு மூக்கைச் சுளித்தாள்.

"அப்பா, இங்க நம்ம கடை வாசனை அடிக்குதுப்பா."

"எனக்கு எங்க போனாலும் நம்ம கடை வாசனைதான் அடிக்குது. கல்யாண வீட்டுக்குப் போனாலும் அடிக்குது. பேசாம வா."

இருபத்தைந்து வருஷமாக ஈஸ்ட்டிலேயே ஊறிய மூக்கு அது. மகான் மேடை முழுக்கத் தைலம் தெளித்ததெல்லாம் அவர் விஷயத்தில் தண்டச் செலவு.

மகள் நோட்டை மட்டும் விடவில்லை. வாராவாரம் அதில் இன்னொரு விஷயத்தையும் எழுதிக்கொண்டாள், பலூன் எவ்வளவு உப்பியது என்று. ஐந்தாவது பாட்டில் முடிந்த மறுநாள், அப்பா மாவு பிசையும் மேசையில் அதைக் கொண்டுவந்து விரித்தாள்.

"இதைக் கொஞ்சம் படிங்கப்பா."

"கையெல்லாம் மாவு. நீயே படி."

"முதல் வாரம், நல்ல வெயில். கோபம் பத்துக்கு ரெண்டு. பலூன் பூசணிக்காய் சைஸ். மூணாவது வாரம், அடைமழை. அன்னைக்குத்தான் நான் வரைஞ்ச படத்தை ஒருத்தி கிழிச்சா. கோபம் பத்துக்கு ஒன்பது. பலூன்?"

"எலுமிச்சம்பழ அளவுக்குக்கூட வரல," என்றார் அப்பா. "கோபம் தூங்குதுன்னு மகான் சொன்னாரே."

"எனக்கே அன்னைக்குத் தூக்கம் வரல. கோபம் மட்டும் தூங்குச்சாமா? நாலாவது வாரமும் குளிர், பலூன் சின்னது. அஞ்சாவது வாரம் வெயில், பெருசு. வெயில் அடிச்சா எழும்புது, குளிர்ந்தா படுத்துக்குது. அப்படி எதுப்பா இருக்கு?"

அப்பாவின் கைகள் மாவுக்குள் நின்றுவிட்டன. "வெதுவெதுன்னு தண்ணி," என்று முணுமுணுத்தார். "சர்க்கரை... அரை மணி நேரம்..." முகம் சிவந்தது. "அடப்பாவி! நான் தினமும் மாவுல போடுறதை என்கிட்டயே வித்திருக்கான்!"

ஆறாவது வாரம் வெயில் சுள்ளென்று அடித்தது. ரொட்டிக்கடைக்காரர் ஒரு ஐஸ் பெட்டியோடு மேடையேறினார்.

"இன்னைக்கு இவளுக்குக் கோபம் ஜாஸ்திங்கய்யா. ரெண்டு பாட்டில் வேணும்."

மகானுக்கு வாயெல்லாம் பல். பட்டாசு முதல் பாட்டிலில் ஊதினாள். இத்தனை வாரத்தில் அன்றுதான் பத்துக்குப் பத்து கோபத்தோடு ஊதினாள். பலூன் மாட்டியதும் பாட்டிலைத் தூக்கி ஐஸ் பெட்டிக்குள் வைத்தாள்.

"ஐஸ் எதுக்கும்மா?"

"கோபத்தைக் குளிர வைக்கணும்னு போன வாரம் நீங்கதானே சொன்னீங்க ஐயா?"

கூட்டம் கைதட்டியது. மகானும் தலையாட்ட வேண்டியதாயிற்று. அடுத்து அவள் கணக்கு வாத்தியாரை மேடைக்குக் கூப்பிட்டாள். "சார், நீங்க சாட்சி. இந்த ரெண்டாவது பாட்டில்ல யாருமே ஊதல." ஊதாமலே பலூனை மாட்டி மேசை மேல் வைத்தாள்.

"ஊதாம எப்படிம்மா வரும்?" என்று கேட்டுவிட்டார் மகான். தன் வாயாலேயே மாட்டிக்கொண்டார்.

"வராதில்ல? அப்ப சும்மா தொங்கட்டும்."

அன்றைக்குத்தான் மகான் முதல்முறையாகப் பேச்சைச் சுருக்கப் பார்த்தார். ஐந்து நிமிடத்தில், "இன்று இவ்வளவு போதும்," என்றார். பக்தர்கள் விடுவார்களா? "முழுசாப் பேசுங்க மகானே! எவ்வளவு தூரத்துலேர்ந்து வந்திருக்கோம்!" என்று கெஞ்சினார்கள். பாவம், பேசினார். பேசிக்கொண்டே அந்தப் பலூனை ஓரக்கண்ணால் பார்த்தார். அது நிமிர்ந்தது. உப்பியது. அரை மணி முடிகையில் பூசணிக்காய் ஆனது. ஐஸ் பெட்டியில் பத்துக்குப் பத்து கோபம் மட்டும் தொங்கியபடியே கிடந்தது.

"இது யாரோட கோபம்?" என்று கேட்டார் கணக்கு வாத்தியார்.

"அது... இந்தக் கொட்டகையோட கோபம்!"

பின்வரிசையில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். ரொட்டிக்கடைக்காரர் பலூனைப் பிடுங்கிவிட்டு பாட்டிலை ஒரு தட்டில் கவிழ்த்தார். நுரை பொங்கியது. "ஈஸ்ட்டுங்க! வேற ஒண்ணுமில்ல. சர்க்கரை, வெதுவெதுன்னு தண்ணி, ரொட்டி மாவை உப்ப வைக்கிற ஈஸ்ட். உங்க பிள்ளைங்க கோபம்னு நீங்க கண் கலங்கினது இதைப் பார்த்துத்தான். நாளைக்குக் கடைக்கு வாங்க, இதையே பன்னாக்கித் தர்றேன்!"

கொட்டகை அதிரச் சிரித்தது. மகானுக்கு மீசை துடித்தது. "பைத்தியக்காரக் கழுதை! உன்னை எந்த ஸ்கூல்லயும் வெச்சுக்க மாட்டாங்க!" என்று பட்டாசின் முகத்துக்கு நேரே கத்தினார்.

அவள் கை மடங்கி முஷ்டியானது. பட்டாசு மூச்சை இழுத்தாள், விட்டாள், மறுபடி இழுத்தாள். பிறகு முஷ்டியைத் திறந்து, மேசையில் இருந்த ஒரு காலி பாட்டிலை எடுத்து அவரிடம் நீட்டினாள்.

"ஊதுங்க மகானே."

அப்புறம் அவர் எந்தப் பக்கமாக ஓடினார் என்று யாருக்கும் தெரியாது. சிரித்து முடித்துக் கண்ணைத் துடைத்தபோது மேடை காலி.

செவ்வாய்க்கிழமை அப்பாவும் மகளும் மருத்துவமனைக்குப் போனார்கள். வழியெல்லாம், "தப்புப் பண்ணிட்டேம்மா, மன்னிச்சுடு," என்று அவர் சொல்லிக்கொண்டே வந்தார். ஆலோசகர் நோட்டை வாங்கிக் கடைசிப் பக்கத்தைப் படித்தார். 'கோபம் பத்துக்குப் பத்து. கை நீட்டவில்லை.' இரண்டு முறை படித்தார்.

கூட்டம் திருந்திவிட்டதா என்று கேட்கிறீர்களா? பக்கத்து ஊரில் ஒருவர் அழுகையை டப்பாவில் அடைத்துக் காட்டுகிறாராம். முன்பதிவு தொடங்கிவிட்டது என்று கேள்வி. பதினாறு வயதுப் பெண் தன் கோபத்திடமே ஆதாரம் கேட்கிறாள். நரைத்த தலையை வைத்துக்கொண்டு நாம் ஒரு பலூனிடம் கேட்கக் கூடாதா?